முதுமரங்களும் ஒளித்துவைத்த பெட்டிகளும்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் சிம்ஸ்பரி என்றோர் ஊர். அங்கே ஃபார்மிங்டன் ஆற்றங்கரையில் உள்ள சிறு பூங்காவில் ஒரு சிக்கமோர் மரம் நிற்கிறது. மாநிலத்திலேயே பெரிய மரம் அதுதான். அடிமரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 28 அடி. ஐந்தாறு பேர் கைகோத்தால்தான் வளைத்துப் பிடிக்க முடியும். அமெரிக்க வனப்பணியின் முதல் தலைவர் கிஃபர்ட் பிஞ்சோ 1865இல் பிறந்தது இந்த ஊரில். அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த 1965இல் மரத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

இப்படியொரு மரத்தைக் கண்டால் லெட்டர்பாக்ஸிங் ஆடுபவருக்குக் கை பரபரக்கும். பக்கத்தில் எங்காவது ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, அதைத் தேடி வர ஒரு குறிப்பும் எழுதிவிட்டால் எப்படியிருக்கும் என்று தோன்றும். டப்பாவுக்குள் கையால் செதுக்கிய ஒரு ரப்பர் முத்திரையும் சிறிய நோட்டும் இருக்கும். தேடி வருபவர் தம் முத்திரையை அந்த நோட்டில் பதிப்பார்; டப்பாவில் உள்ள முத்திரையைத் தம் நோட்டில் பதித்துக்கொள்வார்; பிறகு டப்பாவை இருந்த இடத்திலேயே மறைத்துவிட்டுப் போவார். பரிசு கிடையாது, நேரக் கணக்கும் கிடையாது. யார் முதலில் கண்டுபிடித்தார் என்பதில் ஒரு சின்னப் பெருமை உண்டு, அவ்வளவுதான்.

இந்த ஆட்டம் பழமையான மரங்களுக்கு நன்மையா தீமையா என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. ஆட்டக்காரர்கள், மரத்தை எட்டிப் பார்க்காத மனிதரையும் நாங்கள்தான் அதன் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறோம் என்கிறார்கள். மரங்களைக் காப்பவர்களோ, கொண்டுவந்து நிறுத்துவதுதான் தொல்லையே என்கிறார்கள். இரு தரப்பும் பெட்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கின்றன. என் பார்வையில் வழக்கு பெட்டியின் மேல் இல்லை. அதைத் தேடச் சொல்லி எழுதிய குறிப்பு, வருபவரின் கால்களை எந்த மண்ணில் நடக்கவைக்கிறது, கைகளை எங்கே நுழையவைக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

மரமில்லாத இடத்தில் பிறந்த ஆட்டம்

லெட்டர்பாக்ஸிங் தொடங்கிய இடத்தில் நிழலுக்கு ஒதுங்கக்கூட மரமில்லை. இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் பகுதியில் உள்ள டார்ட்மூர் சேறும் புல்லும் கருங்கல் முகடுகளுமான மேட்டுநிலம். அதன் வடபாதியில் கிரான்மியர் பூல் என்று ஓரிடம். பெயரில்தான் குளம் இருக்கிறது, போய்ச் சேருவதற்குள் முழங்கால் சேறாகிவிடும். சாக்ஃபர்ட் ஊரைச் சேர்ந்த வழிகாட்டி ஜேம்ஸ் பெரட் 1854இல் அங்கே கற்களைக் குவித்து, நடுவில் ஒரு கண்ணாடிப் புட்டியை வைத்தார். தம்மோடு அவ்வளவு தூரம் நடந்து வந்த கனவான்கள், வந்ததற்கு அடையாளமாகத் தங்கள் பெயர்ச்சீட்டைப் போட்டுவிட்டுப் போகட்டும் என்பது ஏற்பாடு. 1888இல் புட்டிக்குப் பதில் தகரப் பெட்டி வந்தது. தமக்குத் தாமே முகவரி எழுதிய அஞ்சலட்டையை அதில் விட்டுப் போனார்கள். அடுத்து வருபவர் எடுத்துப் போய்த் தபாலில் சேர்ப்பார். தம் அட்டை வீடு வந்து சேர எத்தனை நாளாகிறது என்பதை வைத்து, அந்த இடத்துக்கு ஆள்நடமாட்டம் எவ்வளவு என்று கணக்குப் போடலாம். 1905இல் பார்வையாளர் பதிவேடு, 1937இல் கல்லால் கட்டிய நிரந்தரப் பெட்டி. அடுத்த ஆண்டு, டார்ட்மூரைப் பற்றி விரிவாக எழுதிய வில்லியம் கிராஸிங்கின் நினைவாக டக்ஸ் பூல் என்ற இடத்தில் இன்னொன்று வந்தது.

நூறாண்டுக்கும் மேலாகப் பெட்டிகள் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருந்தன. 1970களின் பிற்பகுதியில்தான் வெள்ளம் திறந்துகொண்டது. நூறு பெட்டிகளைக் கண்டவர்களுக்கென்று ஒரு சங்கம், அவர்களுக்கு மட்டும் கிடைக்கும் பட்டியல் என்று ஆட்டம் வளர்ந்து, பெட்டிகள் ஆயிரக்கணக்கில் பெருகின. தொல்லையும் கூடவே வந்தது. டார்ட்மூரில் வெண்கலக் காலத்துக் கல்வரிசைகளும் கல்லறைக் குவியல்களும் ஏராளம். பெட்டி வைக்க வசதியான இடுக்கு எது என்று பார்த்தால் அவைதான் முதலில் கண்ணில் படும். தேடுபவருக்கு எது மூவாயிரம் ஆண்டு பழைய கல், எது நேற்று உருண்ட கல் என்று தெரியுமா? ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்கள். அதனால்தான் டார்ட்மூரின் நடத்தை நெறி, தொல்சின்னங்களிலும் சுவர்களிலும் இடிபாடுகளிலும் பெட்டி வைக்கக் கூடாது, சிமெண்ட் பூசி நிலைப்படுத்தக் கூடாது என்று கறாராகச் சொல்கிறது. இந்த நெறி பிறந்த காரணத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கெடுதல் செய்தது பெட்டி அன்று. பெட்டி இருக்கலாமோ என்ற சந்தேகத்தில் கலைக்கப்பட்ட கற்கள்தான்.

அந்த மேட்டுநிலத்திலும் முதுமரங்கள் உள்ள இடம் உண்டு. கடல் மட்டத்துக்கு 400 மீட்டர் உயரத்தில், பாறைக் குவியலுக்கு நடுவே, குட்டையாகவும் முறுக்கிக்கொண்டும் வளர்ந்த ஓக் மரங்களின் காடு: விஸ்ட்மன் காடு. பாறைமேல் பாசி, கிளைமேல் பாசி, அதன்மேல் பன்னம். அந்தக் குட்டை மரங்களுக்கு என்ன வயது என்ற கேள்விக்கு விடை காண 1866இல் ஒரு மரத்தை வெட்டி வளையங்களை எண்ணினார்கள். அந்த மரத்துக்கு வயது 160க்கு மேல். வெட்டிய செய்தியை அருகிலேயே ஒரு பாறையில் பொறித்தும் வைத்தார்கள். 1964இல் அந்தக் காடு அறிவியல் முக்கியத்துவமுள்ள இடமாக அறிவிக்கப்பட்டது. அண்மை ஆண்டுகளில், உள்ளே போகாதீர்கள், ஓரமாகச் சுற்றி நடந்து பாருங்கள் என்று வருபவர்களைக் கேட்டுக்கொள்கிறார்கள். பாறைமேல் நூற்றாண்டாகப் படர்ந்த பாசியை உரித்தெடுக்க ஒரு கோடைக்காலத்துக் காலணிகள் போதும்.

அட்லாண்டிக்கைத் தாண்டியபோது

அமெரிக்காவில் இந்த ஆட்டம் பரவியதற்கு ஒரு பத்திரிகைக் கட்டுரைதான் வித்து. 'ஸ்மித்ஸோனியன்' இதழ் 1998 ஏப்ரலில் டார்ட்மூர்ப் பெட்டிகளைப் பற்றி எழுதியது. அதைப் படித்தவர்கள் தங்கள் ஊர்க் காடுகளில் பெட்டி வைக்கத் தொடங்கினார்கள். போன இடத்தில் ஆட்டம் உருமாறியது. கடையில் செய்த முத்திரையைவிடக் கையால் செதுக்கிய முத்திரைக்கு மதிப்பு கூடியது. ஆளாளுக்கு ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டார்கள். திசைகாட்டிக் கோணமும் எட்டுக் கணக்கும் மட்டுமே இருந்த குறிப்புகள், விடுகதையாகவும் குட்டிக் கதையாகவும் மாறின.

இந்தக் கட்டுரைக்கு முக்கியமான மாற்றம் வேறொன்று. டார்ட்மூரில் பெட்டியை மறைத்தது பாறை. கிழக்கு அமெரிக்கா காட்டு நாடு. அங்கே பெட்டியை மறைப்பது வேர்க்கவை, பொந்து, விழுந்து கிடக்கும் தடி. ஆட்டத்தின் சுமை கல்லிலிருந்து மரத்துக்கு இடம்பெயர்ந்துவிட்டது. ஆனால் டார்ட்மூரின் நெறியில் தொல்கற்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு, இங்கே முதுமரங்களுக்கு அதே தெளிவோடு கிடைக்கவில்லை.

மரத்தில் ஒளித்துவைப்பது அமெரிக்கர்களுக்குச் சரித்திரத்திலேயே ஊறியது என்றும் சொல்லலாம். கனெக்டிகட் குடியேற்றத்துக்குத் தன்னாட்சி உரிமை வழங்கி இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் 1662இல் ஒரு சாசனம் தந்தார். அதைப் பிடுங்க 1687இல் ஆளுநர் எட்மண்ட் ஆண்ட்ராஸ் ஹார்ட்ஃபர்டுக்கு வந்தார். பேச்சுவார்த்தை நடந்த அறையில் மெழுகுவத்திகள் திடீரென அணைந்தன. மறுபடி ஏற்றியபோது மேசையில் சாசனம் இல்லை. ஜோசப் வாட்ஸ்வர்த் என்பவர் அதை ஒரு பெரிய ஓக் மரத்தின் பொந்தில் ஒளித்துவிட்டார் என்பது மரபுக்கதை. 'சார்ட்டர் ஓக்' என்று பெயர்பெற்ற அந்த மரம் 1856 ஆகஸ்ட் 21 அன்று புயலில் சாய்ந்தது. விழுந்த மரத்தைத் துண்டுபோட்டு நாற்காலி, சட்டம், துப்பாக்கிப் பிடி என்று எதையெதையோ செய்துகொண்டார்கள். 1999இல் வெளிவந்த கனெக்டிகட் கால்டாலர் நாணயத்திலும் இந்த மரம்தான். இதன் வழித்தோன்றலை ஹார்ட்ஃபர்டின் புஷ்னெல் பூங்காவில் பார்க்கலாம். பெரட் புட்டி வைத்த அதே 1854இல்தான், இந்தப் பூங்காவை மக்கள் வரிப்பணத்தில் அமைக்க ஊரார் வாக்களித்தார்கள்.

கனெக்டிகட் மாநிலம் இந்த ஆட்டத்தைத் தடுக்காமல் தன்வசப்படுத்திக்கொண்டது. அதன் சூழல் துறை தன் மாநிலக் காடுகளில் தானே பெட்டிகளை வைத்தது. 32 காடுகள், காட்டுக்கு ஒரு பெட்டி. குறிப்புகளில் வழி மட்டும் இருப்பதில்லை. இந்த இடத்தில் என்ன வெட்டினார்கள், எதை நட்டார்கள், ஏன் இந்தச் சரிவில் இந்த மரம் என்று காட்டின் கதையும் இடையில் வரும். ஐந்து காடுகளின் முத்திரையைச் சேர்த்துக் காட்டினால் ஒரு கைத்தடி பரிசு. அரசுத் துறை ஒன்று இவ்வளவு மலிவாக இவ்வளவு பேருக்கு வனவியல் பாடம் நடத்தியதை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. நடந்துகொண்டே படிக்கிற பாடம், அதுவும் மரத்துக்கு முன்னால் நின்று.

இதற்குள் இன்னோர் ஆட்டமும் வந்து சேர்ந்தது. 2000 மே 2 அன்று அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை நீக்கியது. மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியை ஒளித்துவைத்து அதன் அட்சரேகை தீர்க்கரேகையை வெளியிட்டார். அப்படிப் பிறந்த ஜியோகேச்சிங்கில் இன்று உலகெங்கும் 30 லட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகள். லெட்டர்பாக்ஸிங் அதன் அருகே சின்னத் தம்பியாகிவிட்டது, வயதில் மூத்திருந்தும். பூங்கா நிர்வாகங்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கின்றன. அது சரியில்லை என்பதற்குக் காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

காலுக்கடியில் நடப்பது

முதுமரத்துக்கு ஆபத்து கோடாலியில்தான் என்று நினைக்கிறோம். அதைவிட மெதுவாகவும் உறுதியாகவும் கொல்வது காலடி. நல்ல மண்ணில் கிட்டத்தட்டப் பாதி வெற்றிடம். அந்த நுண்துளைகளில் பாதி நீர், பாதி காற்று. வேர் மூச்சுவிடுவது அந்தக் காற்றில். மரத்துக்கு உணவும் நீரும் எடுக்கும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில், இரண்டடி ஆழத்துக்குள் இருக்கின்றன. கிளைகளின் எல்லையைத் தாண்டியும் வெகுதூரம் ஓடுகின்றன. அந்த மண்ணில் ஆட்கள் நடக்க நடக்க நுண்துளைகள் நசுங்கி, தரை போரடித்த களம்போல் இறுகிவிடும். மழைநீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடும். வேரோடு கூடி வாழும் பூஞ்சைகள் குறையும். மரம் உடனே எதையும் காட்டாது. பத்து, இருபது ஆண்டுகள் கழித்து உச்சிக்கிளை காயும்போது யாருக்கும் காலடி நினைவுக்கு வராது.

இங்கிலாந்தின் ஷெர்வுட் காட்டில் உள்ள மேஜர் ஓக் இதற்குக் கண்கூடான சாட்சி. ராபின் ஹூட் கூட்டாளிகளோடு அதன் பொந்தில் ஒளிந்திருந்தான் என்று சொல்லிச் சொல்லியே கூட்டம் குவிந்தது. வருபவர் ஒவ்வொருவரும் மரத்தைத் தொட்டு, சுற்றிவந்து, பொந்துக்குள் நுழைந்து பார்த்தார்கள். மண் இறுகிப்போய் மரம் தளர்வதைக் கண்ட நிர்வாகம் 1970களில் வேலி போட்டது. கிளைகளுக்கு முட்டுக்கொடுத்த கம்பங்களோடு மரம் இன்று எட்ட நின்று பார்க்கும் பொருளாகிவிட்டது. மரத்தின்மேல் யாருக்கும் வன்மம் இல்லை. எல்லாரும் நேசித்தார்கள், நேசித்தவர்களின் எடைதான் தாங்கவில்லை.

மிதிபாட்டின் கணக்கில் இன்னொரு விசித்திரம் உண்டு. சேதம் ஆட்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. யாரும் நடக்காத மண்ணில் முதலில் நடக்கும் சிலர்தான் அதிகம் கெடுக்கிறார்கள். பிறகு ஆயிரம் பேர் நடந்தாலும் கூடுதல் சேதம் கொஞ்சமே. ஆகவே ஏற்கெனவே உள்ள ஒரு பாதையில் நூறு பேர் போவதைவிட, பாதையை விட்டு பத்துப் பேர் பத்து திசையில் தேடுவது மோசம். பெட்டி ஆட்டங்களின் பலவீனம் சரியாக இந்த இடத்தில்தான். மொத்த எண்ணிக்கையில் இவர்கள் சுற்றுலாக் கூட்டத்தில் சிறு துளி. ஆனால் கூட்டம் போகாத மூலைக்குப் போகிறவர்கள்.

இங்கேதான் இரண்டு ஆட்டங்களும் பிரிகின்றன. ஜிபிஎஸ் ஒரு புள்ளியைச் சொல்கிறது. அடர்ந்த இலைக்கூரையின் கீழ் அந்தப் புள்ளி ஐந்து மீட்டர் தவறினால், தேடவேண்டிய வட்டத்தின் பரப்பு 78.5 சதுர மீட்டர். பத்து மீட்டர் தவறினால் 314 சதுர மீட்டர். வருகிற ஒவ்வொருவரும் அந்த வட்டம் முழுவதையும் கிளறுவார்கள். லெட்டர்பாக்ஸிங் குறிப்பு அப்படியில்லை. 'பாலத்தைக் கடந்து, பெயர்ப்பலகைக்கு முதுகு காட்டி நின்று, பாதையோரத்து மூன்றாவது பாறையின் பின்னால்' என்று நன்றாக எழுதப்பட்ட குறிப்பு ஆளை நேராகக் கொண்டுபோய்க் கையைப் பெட்டியின்மேல் வைத்துவிடும். ஓரடிகூட வீணில்லை. மோசமாக எழுதிய குறிப்பு ஜிபிஎஸ்ஸைவிடக் கேடு. 'பழைய மரத்தின் காலடியில் தேடு' என்று மொட்டையாகச் சொன்னால் வேர்ப்பரப்பு முழுவதும் உழப்படும். எழுத்துத் திறமை சூழல் பாதுகாப்பாகிற இடம் உலகில் அதிகம் இருக்காது.

காலணி கொண்டுவருவது எடை மட்டுமில்லை, மண்ணும்தான். நியூசிலாந்தின் கவுரி மரங்களை வேரிலிருந்து அழுக வைக்கும் நுண்ணுயிர், மனிதர் காலிலும் கருவிகளிலும் ஒட்டும் சேற்றோடு காட்டுக்குக் காடு பரவுகிறது. வைபோவா காட்டில் உள்ள மாபெரும் கவுரி, மாவோரிகள் தானே மகுதா என்று வணங்குவது, இன்று பலகைப் பாதையிலிருந்து மட்டும் பார்க்கக் கிடைக்கிறது. போகும் வழியில் காலணியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஆக்லாந்து அருகே வைட்டாக்கெரே மலைக்காட்டின் நடைபாதைகளை 2018இல் மூடியே விட்டார்கள். ஒரே வாரக்கடைசியில் நான்கு காடுகளில் பெட்டி தேடும் ஒருவர் அந்த நோய்க்கு எவ்வளவு நல்ல வாகனம் என்று சொல்ல வேண்டியதில்லை.

பொந்து என்னும் ஆசை

ஒளித்துவைக்க இவ்வளவு பொருத்தமான இடம் வேறில்லை என்பதே பொந்தின் துரதிர்ஷ்டம். மழை படாது, கண்ணுக்குத் தெரியாது, கதையும் கூடவே வரும். ஆனால் முதுமரத்தின் பொந்து காலி அறை அன்று. உள்ளே உதிர்ந்து மக்கிய மரத்தூள் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்தது; அந்தத் தூளில் மட்டுமே வாழும் வண்டினங்கள் உண்டு. மேலே வௌவால், ஆந்தை. பிரிட்டனில் வௌவால் தங்குமிடத்தைக் கலைப்பது சட்டப்படி குற்றம். அந்த நேரத்தில் வௌவால் உள்ளே இல்லாவிட்டாலும் குற்றமே. பெட்டியை எடுக்க உள்ளே போன கை குளவிக்கூட்டில் படுவதும் நடக்கக்கூடியதுதான் என்பதால், இந்த விஷயத்தில் மரத்தின் நலமும் மனிதர் நலமும் ஒன்றே. கனெக்டிகட்டின் லைம் ஊரில் 1975இல் கவனத்துக்கு வந்து அந்த ஊர்ப் பெயரையே தாங்கிய நோயும், உயரப் புல்லில் காத்திருக்கும் உண்ணிகளால்தான் பரவுகிறது. பாதையை விட்டு விலகித் தேடுபவர் இதை மறக்கக் கூடாது.

பொந்து மனிதரை எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு ஃபுளோரிடாவின் 'செனட்டர்' மரம் கொடுமையான எடுத்துக்காட்டு. லாங்வுட் ஊரின் பிக் ட்ரீ பூங்காவில் நின்ற சைப்ரஸ் அது. மதிப்பிட்ட வயது சுமார் 3,500. 2012 ஜனவரி 16 அன்று அதன் உள்ளே புகுந்து போதைப்பொருள் பயன்படுத்திய ஒருவர் வெளிச்சத்துக்கு நெருப்பு மூட்ட, உட்கூடான மரம் புகைபோக்கியைப்போல் எரிந்து சாய்ந்தது. ஆட்டக்காரர்களுக்கும் இந்தச் சம்பவத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் மரத்துக்குள் நுழைவதைச் சாதாரணமாக்கும் எந்தக் குறிப்பும் இந்தச் செய்திக்குப் பிறகு எழுதப்பட்டிருக்கக் கூடாது.

சொல்லலாமா, மறைக்கலாமா

மரத்தின் இருப்பிடத்தையே மறைத்துவிட்டால் என்ன என்ற கேள்வி அடுத்தது. கலிஃபோர்னியாவின் மெதூசலா என்ற பைன் மரத்துக்கு வயது 4,800க்கு மேல். அது எந்த மரம் என்று வனத்துறை அடையாளம் காட்டுவதில்லை. உலகின் மிக உயரமான மரமான ஹைப்பீரியனை 2006இல் கண்டபோது இடத்தை ரகசியமாகவே வைத்தார்கள். ரகசியம் கசிந்தது. பாதையில்லாத காட்டில் ஆர்வலர்கள் தாங்களே பாதை போட்டு, மரத்தடியைப் புல்பூண்டு இல்லாமல் ஆக்கினார்கள். 2022இல் ரெட்வுட் பூங்கா அந்தப் பகுதியை மூடி, மீறினால் ஆறு மாதச் சிறையும் 5,000 டாலர் அபராதமும் விதிக்கலாம் என்று அறிவித்தது.

ரகசியம் காக்கும் என்பதற்கு எதிர்ச்சான்றும் இருக்கிறது. 1964இல் நெவாடாவில் ஆய்வுக்காக ஒரு பைன் மரத்தை வெட்டினார்கள். வளையங்களை எண்ணிப் பார்த்தால் 4,800க்கு மேல். பொதுமக்கள் அதிகம் அறியாத மரமாக அது இருந்ததால் வெட்ட அனுமதி கிடைப்பது சுலபமாயிற்று. மறுபக்கம், டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் 'ட்ரீட்டி ஓக்' எல்லாருக்கும் தெரிந்த மரம். 1937இல் 1,000 டாலர் கொடுத்து நகரம் வாங்கிக் காத்தது. 1989இல் ஒருவர் அதன் அடியில் களைக்கொல்லியை ஊற்றினார். அந்தப் புகழ்தான் அதைக் காப்பாற்றவும் செய்தது. மண்ணை மாற்றவும் நிபுணர்களை வரவழைக்கவும் தொழிலதிபர் ராஸ் பெரோ செலவை ஏற்றார். மரத்தில் மூன்றில் ஒரு பங்கு பிழைத்து, 1997இல் மறுபடி காய்த்தது. நஞ்சு ஊற்றியவருக்கு ஒன்பதாண்டுச் சிறைத் தண்டனை. ஆனால் இங்கிலாந்தில் ஹேட்ரியன் சுவருக்கருகே நின்ற சிக்கமோர், 2016இல் ஆண்டின் சிறந்த மரமாக மக்கள் வாக்களித்துத் தேர்ந்தது, 2023 செப்டம்பர் 28 காலையில் அறுத்துத் தள்ளப்பட்டுக் கிடந்தது. புகழ் அதற்குக் கேடயமாகவில்லை.

இவற்றையெல்லாம் அடுக்கிப் பார்த்தால் ஒரு வேறுபாடு துலங்குகிறது. நகரத்துப் பூங்காவில், பாதையோரம், நாள்தோறும் நாலுபேர் பார்க்கும் மரத்துக்கு இன்னும் கொஞ்சம் பார்வை நன்மையே. பாதையில்லாத காட்டில் தனித்து நிற்கும் மரத்துக்கு ஒரேயொரு குறிப்பும் ஆபத்து. பூங்கா மரத்துக்கும் காட்டு மரத்துக்கும் ஒரே விதியைப் போடுவதால்தான் விவாதம் முடியாமல் இழுக்கிறது.

அனுமதியும் அச்சமும்

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் கேட்காமல் வைத்த பெட்டி, கைவிடப்பட்ட பொருள் என்ற கணக்கில் அகற்றப்படும். பூங்காத் தலைவர் எழுத்தில் அனுமதித்தால் மட்டும் வைக்கலாம். நகரங்களில் அச்சம் வேறு வகை. 2011இல் இங்கிலாந்தின் வெதர்பி கடைவீதியில் பூந்தொட்டிக்கருகே ஒருவர் ஏதோ செய்துகொண்டிருந்ததைப் பார்த்துச் சந்தேகப்பட்டுத் தகவல் போனது. ராணுவ வெடிகுண்டுப் பிரிவு வந்து அந்த ஜியோகேச் பெட்டியை வெடிக்கவைத்து அழித்தது. உள்ளே இருப்பது தெரியும் டப்பா, வெளியே இன்னதென்று எழுதிய ஒட்டுத்தாள், முன்னதாகவே நிர்வாகத்திடம் சொல்லிவைத்தல் ஆகிய மூன்றும் இருந்தால் இந்தக் கூத்து தேவையில்லை.

ஒளிக்காமலே ஆடும் வழிகளையும் சிலர் முயன்றிருக்கிறார்கள். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 1986 முதல் 'பாஸ்போர்ட்' திட்டம் உண்டு. பார்வையாளர் மையத்தின் மேசையில் முத்திரை இருக்கும், அவரவர் புத்தகத்தில் பதித்துக்கொள்ளலாம். 2004இல் தொடங்கிய எர்த்கேச்சில் பெட்டியே இல்லை. இடத்துக்குப் போய்ப் பாறையைக் கவனித்துக் கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். முன்னதில் தேடல் இல்லை, பின்னதில் கையில் மிஞ்சும் முத்திரை இல்லை. இரண்டையும் இணைத்தால் முதுமரங்களுக்கு ஏற்ற ஆட்டம் கிடைத்துவிடும்: விடையை மரத்திடம் கேட்பது, பெட்டியை வேறிடத்தில் வைப்பது.

எவ்வளவு வேறிடத்தில்? இங்கிலாந்து அரசின் திட்ட அனுமதி வழிகாட்டுதலில் ஓர் அளவு இருக்கிறது. கட்டுமானம் எதுவும் முதுமரத்தின் அடிமர விட்டத்தைப்போல் 15 மடங்கு தூரத்துக்குள் வரக் கூடாது. கிளைவிரிவுக்கு அப்பால் ஐந்து மீட்டர் என்பது அதைவிடக் கூடுதலானால் அதையே கொள்ள வேண்டும். கட்டடத்துக்குச் சொன்னதை டப்பாவுக்கும் வைப்பது அதிகப்படியாகத் தோன்றலாம். தோன்றட்டும், கணக்கு எளிது, ஞாபகத்தில் நிற்கும். சிம்ஸ்பரி சிக்கமோருக்குப் போட்டுப் பார்ப்போம். 28 அடிச் சுற்றளவுக்கு விட்டம் ஒன்பது அடிக்குச் சற்றுக் குறைவு. பதினைந்து மடங்கு என்றால் சுமார் 134 அடி, சராசரி நடையில் ஐம்பது எட்டுக்கு மேல். அந்தத் தூரத்தில் மரம் முழுதாகக் கண்ணில் விழும். காலடியில் நின்றால் பட்டை மட்டும்தான் தெரியும். சிக்கமோரின் உரியும் பட்டையும் உச்சியின் வெண்மையும் எட்ட நின்று பார்க்கவே அழகு.

குறிப்பு எழுதுபவர் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பாதையில் இன்ன இடத்தில் நின்று மரத்தைப் பார்; தாழ்ந்த பெருங்கிளை காட்டும் திசை எது; பெயர்ப்பலகையில் உள்ள ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களைக் கூட்டு; அத்தனை எட்டு அந்தத் திசைக்கு எதிராக, பாதையிலேயே நட; வலப்பக்கத்துக் கல்லிருக்கையின் பின்னால் பார். இப்படி எழுதினால் மரத்தைக் கூர்ந்து பார்க்காமல் யாரும் பெட்டியைக் கண்டுபிடிக்க முடியாது. மரத்தின் வேரை மிதிக்கவும் வேண்டியிருக்காது. மழைக்காலத்தில் சேறாகும் பாதை என்றால் அந்த மாதங்களில் பெட்டியை எடுத்து வைத்துவிடலாம். முத்திரையைப் பூங்கா அலுவலகத்திலோ பக்கத்து நூலகத்திலோ வைக்க ஒப்புக்கொண்டால் இன்னும் நல்லது. டார்ட்மூரில் சில முத்திரைகள் மதுக்கடை மேசையிலேயே கிடைக்கின்றன, ஆட்டத்தின் மானம் ஒன்றும் போய்விடவில்லை.

தடை வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தடை, அனுமதி கேட்கும் பொறுப்பானவர்களை மட்டும் வெளியேற்றும். கேட்காமல் வைப்பவர்கள் வைத்துக்கொண்டேதான் இருப்பார்கள். அதைவிட, பூங்கா நிர்வாகங்கள் கனெக்டிகட் செய்ததைப்போல் தங்கள் முதுமரத்துக்குத் தாங்களே ஒரு பெட்டியை வைத்து, நல்ல குறிப்பையும் தாங்களே எழுதிவிடலாம்.

பெட்டி தேடும் பழக்கமுள்ள வாசகருக்கு ஒரு வேண்டுகோள். கையிலுள்ள குறிப்பு உங்களை ஒரு முதுமரத்தின் பொந்துக்கோ வேர்க்கவைக்கோ அழைத்தால், அந்த முத்திரை இல்லாமலே திரும்பி வாருங்கள். வந்து, பெட்டி வைத்தவருக்கு எழுதி, இடத்தை மாற்றச் சொல்லுங்கள். பதில் இல்லையென்றால் பூங்கா அலுவலகத்தில் தெரிவியுங்கள்.